பொம்மைச் சிப்பாய்களும் நம் கரையோரப் போர்க்களங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளோடு உட்கார்ந்து, பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் பலகையில் போர்க்களக் காட்சி (டயோரமா) செய்யும் பழக்கம் எங்கள் வீட்டில் பல வருடமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். மண்டபம், கீழக்கரை, ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்களை மனத்தில் வைத்து அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

டயோரமா என்பது என்ன? கொலு மாதிரியா?

கொலுப்படிக்குக் கீழே மணலைக் கொட்டி, கண்ணாடியைக் குளமாக்கி, கேழ்வரகை முளைக்கவிட்டு வயலாக்கி 'பார்க்' வைப்பார்களே, அதன் கூடப் பிறந்தது என்று சொல்லலாம். ஆனால் கொலுப் பார்க்கில் வீட்டைவிடச் செட்டியார் பொம்மை பெரிதாக இருக்கும், கிரிக்கெட் வீரருக்குப் பக்கத்தில் கிருஷ்ணர் நிற்பார், யாரும் கேட்க மாட்டார்கள். டயோரமாவில் அது நடக்காது. ஒரே இடம், ஒரே பொழுது, எல்லாப் பொருளும் ஒரே அளவு விகிதம். இந்த மூன்றையும் காப்பாற்றுவதுதான் வேலையே.

எந்தப் போரை எடுத்துக்கொள்ளலாம்? பிள்ளைகள் வாட்டர்லூ, பானிபட் என்கிறார்கள்.

அவர்கள் ஆசைக்கு அதையும் செய்யலாம். ஆனால் முதல் காட்சிக்கு, பஸ் ஏறிப்போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வரக்கூடிய இடத்தையே எடுங்கள். நமக்கு அதில் பஞ்சமே இல்லை.

என் முதல் சிபாரிசு 1798 செப்டம்பர் 10. கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் ஜாக்சன், பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனைப் பல ஊர்களுக்கு அலையவிட்டு, கடைசியில் ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தில் சந்தித்தார். பேச்சு முற்றி, கைது செய்யப் பார்த்து, கட்டபொம்மன் தப்பி வெளியேறும்போது கோட்டை வாசலில் கைகலப்பு. கம்பெனிப் படை அதிகாரி லெப்டினன்ட் கிளார்க் அங்கே செத்தார். கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். ஒரு வாசல், கொஞ்சம் ஆட்கள், நெருக்கடியான ஒரு நொடி. சின்னப் பலகைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது.

படகு செய்யத் தெரிந்த கை வீட்டில் இருந்தால் வேதாளைக்குப் போங்கள். மண்டபத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற இந்த ஊரின் கரையில் 1538ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் மரைக்காயர் படைக்கும் போர்ச்சுகீசியத் தளபதி மார்ட்டிம் அஃபோன்சோ டி சௌசாவின் படைக்கும் சண்டை நடந்தது. இலங்கையில் கோட்டை என்ற அரசின் மன்னன் புவனேகபாகுவுக்கும் அவன் தம்பி மாயாதுன்னைக்கும் நடந்த பங்காளிச் சண்டையில் ஆளுக்கொரு பக்கம் உதவப் போனவர்கள் நம் கரையில் வந்து மோதிக்கொண்டார்கள். போர்ச்சுகீசியர் வென்றார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

பீரங்கிதான் வேண்டும் என்கிற பையன்களுக்கு 1772 இருக்கிறது. ஜோசப் ஸ்மித் தலைமையில் கம்பெனிப் படையும் ஆற்காட்டு நவாப்பின் படையும் சேர்ந்து ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்த வருடம் அது. அதே வருடம் ஜூன் 25ஆம் தேதி காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அவர் மனைவி வேலு நாச்சியார் ராமநாதபுரம் அரச குடும்பத்துப் பெண். 1780இல் அவர் சிவகங்கையை மீட்டது இந்தக் கதையின் அடுத்த பாகம். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள்.

ராமலிங்க விலாசத்தில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

சுவர் ஓவியங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராமநாதபுரம் மன்னர் முத்து விஜய ரகுநாத சேதுபதிக்கும் தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜிக்கும் நடந்த போரை அங்கே வரைந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வாழ்ந்த ஓவியன் தன் காலத்துப் படையை வரைந்தது. தலைப்பாகை எப்படிக் கட்டியிருக்கிறார்கள், யார் எதை ஏந்தியிருக்கிறார்கள் என்பதற்கு இணையத்தில் தேடுவதைவிட இது மேல். நோட்டும் பென்சிலும் கொடுத்துப் பிள்ளைகளை அங்கேயே உட்கார்ந்து வரையச் சொல்லுங்கள். போட்டோவில் கண் தவறவிடுவதைக் கை பிடித்துவிடும். மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கும் இடம். சுவரைத் தொட வேண்டாம்.

முழுப் போரையும் காட்டக் கூடாதா? ஆயிரம் சிப்பாய் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கிலேய அதிகாரி, 1815இல் நடந்த வாட்டர்லூ போரை முழுசாகச் செய்தார். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட உலோகச் சிப்பாய்கள். போர்க்களத்துப் பண்ணை வீட்டிலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். சண்டையில் இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் போட்டு, சாயங்காலம் ஏழு மணி வாக்கில் நீங்கள் எங்கே நின்றீர்கள், உங்கள் முன்னால் வயலில் என்ன பயிர் இருந்தது என்றெல்லாம் கேட்டு வாங்கினார். 1838இல் மக்கள் பார்வைக்கு வைத்தார். கடனும் மனக்கசப்பும்தான் மிச்சம். அவர் செய்த மாதிரி வடிவம் இன்றும் லண்டனில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எழுபதாயிரம் என்கிற எண்ணிக்கையை அல்ல. 'என்ன பயிர் இருந்தது?' என்று கேட்டாரே, அந்தக் கேள்வியை. சிப்பாய் எங்கும் கிடைப்பான்; நிலம் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கும். எங்கள் வீட்டு வழக்கமும் இதுதான்: நிலம் முதலில், சிப்பாய் கடைசியில்.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் உள்ள பலகை 1/72 அளவில் (நிஜத்தில் 72 செ.மீ. இருப்பது இங்கே 1 செ.மீ.) வெறும் 32 மீட்டருக்கு 22 மீட்டர் நிலம்தான். ஒரு வாசலும் அதன் முன்னால் ஒரு முற்றமும். அதில் இருபது முப்பது பேர் நின்றாலே கூட்டம்.

1/72, 54 மி.மீ. என்கிறார்களே, எதை வாங்குவது?

1/72இல் ஐந்தரை அடி ஆள் ஏறக்குறைய 23 மி.மீ. உயரம் வருவார். 54 மி.மீ. என்பது சுமாராக 1/32. கூட்டம், கோட்டை, படகு எல்லாம் வேண்டுமென்றால் 1/72. நாலைந்து ஆட்கள் போதும், முகத்தில் மீசை தெரிய வேண்டும் என்றால் 54. பத்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளின் விரலுக்குப் பெரிய பொம்மைதான் சரி. எதை எடுத்தாலும் ஒரே பலகையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

பாளையக்காரர் படை, சேதுபதி படை என்று பொம்மை விற்கிறார்களா?

கடைக்குப் போய் அப்படிக் கேட்டு வாங்க முடியாது. ஏர்ஃபிக்ஸ், இத்தாலெரி, ஸ்வெஸ்தா என்று வெளிநாட்டுக் கம்பெனிகளின் 1/72 பெட்டிகள் இணையத்தில் கிடைக்கும். பெரும்பாலும் ஐரோப்பியப் படைகள். அமெரிக்கச் சுதந்திரப் போர்க் காலத்து ஆங்கிலச் சிப்பாய்ப் பெட்டி கிடைத்தால் நம் 1772 காட்சிக்கு வெள்ளைக்காரச் சிப்பாயாக நிறுத்திவிடலாம். காலம் ஏறக்குறைய ஒன்று.

நம் ஆட்களை நாமே செய்ய வேண்டியதுதான். திருவிழாக் கடையில் பாக்கெட்டில் தொங்கும் பச்சைப் பிளாஸ்டிக் சிப்பாயை மட்டமாக நினைக்காதீர்கள். ஹெல்மெட்டும் துப்பாக்கியுமாக நிற்கும் அவனைப் பாளையக்காரர் வீரனாக மாற்றுவது இப்படி: துப்பாக்கியைக் கட்டரால் சீவி எடுங்கள். ஹெல்மெட்டின் விளிம்பைச் செதுக்குங்கள். டிஷ்யூ பேப்பரை இரண்டு மூன்று மி.மீ. அகல நாடாவாகக் கிழித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, ஊசி முனையால் தலையைச் சுற்றிச் சுற்றிக் கட்டுங்கள். காய்ந்ததும் உண்மையான தலைப்பாகைபோல மடிப்பு மடிப்பாக நிற்கும். இன்னொரு துண்டை இடுப்பில் சுற்றினால் கச்சை, பூட்சையும் பேண்டையும் மறைத்துக் காலைச் சுற்றினால் தார்ப்பாய்ச்சிய வேட்டி. கையில் தென்னை ஈர்க்கின் நுனி, ஈட்டி ஆகிவிடும். 1/72இல் மூன்று மீட்டர் ஈட்டி 4 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். துடைப்பத்தில் ஒரு குச்சி போனால் ஒரு படைக்கே போதும்.

கை, தலை மாற்றி ஒட்டுவதென்றால் ஒன்று கவனம். இந்த மெத்தென்ற பிளாஸ்டிக்கில் ஃபெவிக்விக் சரியாகப் பிடிக்காது. குண்டூசித் துண்டைச் சூடாக்கி இரு பக்கமும் செருகி இணையுங்கள். இது பெரியவர்கள் வேலை.

வளரி என்ற வளைந்த எறியாயுதத்தை எப்படிச் செய்வது?

செப்புக் கம்பியை ஆறேழு மி.மீ. வெட்டி, சுத்தியலால் லேசாகத் தட்டி, பிறை போல வளைத்தால் 1/72 வளரி. இரும்புக் கம்பி வேண்டாம், நம் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. வளரியை நூறு கஜம் வரை குறி தவறாமல் எறிவார்கள் என்றும், எறியக் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கையின் சின்ன மருது என்றும் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஆகவே, வளரி வீரனை எதிரியோடு ஒட்டி நிறுத்தாதீர்கள். பலகையின் ஓரத்தில், எறிந்து முடித்த கையோடு நிற்கட்டும்.

சரி, வேலையை எங்கிருந்து தொடங்குவது?

பலகையில். 12 மி.மீ. பிளைவுட் எடுத்து அடிப்பக்கத்துக்கும் சேர்த்து இரண்டு கை பெயிண்ட் அடித்துவிடுங்கள்; மேல்பக்கம் மட்டும் அடித்தால் ஈரம் ஏறி வளைந்துகொள்ளும். எம்.டி.எஃப். பலகை கடலோர வீட்டுக்கு ஆகாது, உப்பிப்போகும். எடை குறைவாக வேண்டுமென்றால் போர்டு எழுதுகிற கடையில் வெட்டு மிச்சமாகக் கிடக்கும் பி.வி.சி. ஃபோம் ஷீட்டைக் கேளுங்கள்.

மேடு பள்ளத்துக்குத் தெர்மாகோல். அதை ஃபெவிகால் வைத்துத்தான் ஒட்ட வேண்டும். ரப்பர் பசை, ஃபெவிக்விக், ஸ்ப்ரே பெயிண்ட் எது பட்டாலும் தெர்மாகோல் கரைந்து குழியாகிவிடும். அதற்கு மேலே காகிதக் கூழ். பழைய செய்தித்தாளை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்துக் கூடை, முறம் மெழுகும் கை உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால் அந்த வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்க்கும் வழக்கம் உண்டு. பிள்ளைகள் கை வைக்கும் கூழில் அது கூடாது, விஷம். ஃபெவிகாலே போதும்.

கடற்கரை மணலை அப்படியே தூவலாமா?

கூடாது. கொத்தனாரே கடல் மணலைத் தொட மாட்டார், உப்பு. அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கொஞ்ச நாளில் பெயிண்ட் மேல் வெள்ளைப் பூப் பூக்கும், பிறகு பொருக்காக எழும். ஒரு டம்ளர் மணலுக்கு மூன்று நான்கு தடவை நல்ல தண்ணீர் மாற்றி அலசி, வெயிலில் காயவைத்து, டீ வடிகட்டியில் சலியுங்கள். வடிகட்டியில் இறங்கியது நிலத்துக்கு, மேலே தங்கியது கற்களுக்கு. 1/72இல் கடுகளவு கல் என்பது ஆள் கையில் ஒரு பெரிய கருங்கல் என்பதை மறக்க வேண்டாம்.

காய்ச்சி வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்தால் உதிர்ந்த சருகு நிறத்தில் அருமையான தரை கிடைக்கும். நன்றாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

கரையில் ஒதுங்கும் பவளக்கல்லைக் கோட்டைச் சுவருக்குப் பயன்படுத்தலாமா?

வேண்டவே வேண்டாம். பவளப்பாறை இனங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. செத்துக் கரை ஒதுங்கியதுதானே என்று எடுத்து வருவதும் வம்பு. நமக்கு முன்னால் இருப்பது 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. கடல் குதிரை, கடல் விசிறி, சில வகைச் சங்கு சிப்பிகளுக்கும் இதே கதைதான். பெயர் தெரியாத எதையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அதற்குப் பதிலாகக் கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பதும் இதுதான். மீன் வெட்டும் இடத்தில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். ஒரு பக்கம் நகம் போன்ற கெட்டி ஓடு, மறுபக்கம் சுண்ணாம்புபோல மெத்தென்ற வெள்ளை. நன்றாகக் கழுவி, ஓரிரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள். மெத்தென்ற பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கி, ஊசியால் கோடு இழுத்தால் செங்கல் வரிசை. பல் குத்தும் குச்சியால் அங்கங்கே அழுத்தினால் குண்டு பட்ட பள்ளம். விரல் நகம் தவறிப் பட்டாலும் தடம் விழும், அவ்வளவு மென்மை. அதனால் செதுக்கி முடித்ததும் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஒரு பூச்சு கொடுத்து இறுக்கிவிட வேண்டும். தேய்க்கும்போது பறக்கும் தூள் மூக்குக்கு ஆகாது. துணி கட்டிக்கொண்டு, திண்ணையில் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தேயுங்கள்.

பாஞ்சாலங்குறிச்சி மாதிரி மண் கோட்டை என்றால் கணவாய் ஓடு தேவையில்லை. காகிதக் கூழில் மானாமதுரைப் பக்கத்துக் களிமண்ணைக் கொஞ்சம் கலந்து பூசினால் போதும். வெறும் களிமண் காய்ந்தால் வெடிக்கும்.

மரங்கள்?

பனை. இந்த மாவட்டத்தில் எந்தக் காலத்துக் காட்சி என்றாலும் பனை நிற்கலாம், அதில் தப்பே வராது. 15 மீட்டர் பனை 1/72இல் 21 செ.மீ. உயரம், அடிமரம் ஆறேழு மி.மீ. கனம். பழைய பெயிண்ட் பிரஷ் காம்பு சரியாக இருக்கும். அதன்மேல் தையல் நூலை ஃபெவிகால் தடவி இடைவெளி விட்டுச் சுற்றினால் வளையம் வளையமாகப் பட்டை தெரியும். கரும்பழுப்பு அடித்து, காய்ந்த பிரஷ்ஷில் சாம்பல் நிறம் தொட்டு மேலாகத் தடவுங்கள்.

ஓலைக்கு, ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய காகித வட்டத்தைக் கைவிசிறிபோல மடித்துப் பிரித்து, கால் பங்கு வெட்டி எடுத்து, விளிம்பைக் கத்தரியால் கீறிவிடுங்கள். ஒரு மரத்துக்கு இருபது இருபத்தைந்து மட்டை வேண்டும். மேலே பச்சை, நடுவில் மஞ்சள் தட்டிய பச்சை, அடியில் தொங்குகிற காவோலைக்குப் பழுப்பு. அந்தக் காவோலையைத் தொங்கவிடாத பனை பொம்மைக் கடை மரமாகவே தெரியும்.

கருவேலம்?

சீமைக்கருவேலம் வேண்டாம். இன்று கண்ணுக்கெட்டிய தூரம் அதுதான் நிற்கிறது, பிள்ளைகள் கை தானாக அதை வைக்கும். ஆனால் அது இந்தியாவுக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். 1798 ராமநாதபுரத்தில் அது கிடையாது. நாட்டுக்கருவேலம், குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரம் வைக்கலாம். பாம்பன் பாலமும் அப்படித்தான், பழைய ரயில் பாலமே 1914இல்தான் திறந்தது. வேதாளைக் காட்சியின் பின்னணிப் படத்தில் பாலத்தை வரைந்துவிடும் பிள்ளைகள் உண்டு. அழகாகத்தான் இருக்கும், அழித்துவிடச் சொல்லுங்கள்.

கடல் எப்படிச் செய்வது?

முதலில் எந்தக் கடல் என்று முடிவு செய்யுங்கள். பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல் என்பது நம் ஊர் வழக்கு. வேதாளைக்கு முன்னால் இருப்பது ஆண்கடல். ஆனால் அது சீறுவது ஆடிக்காற்றில். போர் நடந்ததோ ஆண்டின் தொடக்க மாதங்களில். அதனால் பெரிய அலை தேவையில்லை, கரையில் ஒரு வெள்ளைக் கோடு போதும்.

நிறத்தில்தான் முக்கால் கடல். கரையோரம் மணல் தெரியும் வெளிர்பச்சை, பிறகு பச்சை நீலம், பலகை விளிம்பில் கருநீலம். இடையில் கோடு தெரியாமல் ஈரம் காயுமுன் இழுத்துவிட வேண்டும். அதன்மேல் டிஷ்யூ பேப்பரைச் சுருக்கி ஃபெவிகாலில் ஒட்டி, காய்ந்தபின் அதே நிறங்களை மறுபடி அடித்து, பளபளப்பு வார்னிஷ் மூன்று நான்கு பூச்சு. எபாக்சி ரெசின் ஊற்றினால் இன்னும் ஆழம் தெரியும். அதைப் பெரியவர்கள்தான் கையுறையும் முகமூடியும் போட்டுச் செய்ய வேண்டும். ஈரக்காற்று உள்ள நாளில் ஊற்றினால் மேலே பிசுபிசுப்பு தங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் நடுப்பகலில், மெல்லிய அடுக்காக ஊற்றுங்கள்.

படகுக்கு நான் யோசனை சொல்லத் தேவையில்லை. வல்லம் கட்டுகிறவர்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். மரைக்காயர் படகுகளும் சரி, போர்ச்சுகீசியரின் சிறு கலங்களும் சரி, துடுப்பும் பாயும் சேர்ந்தவை. துடுப்புக்கு ஈர்க்கு, பாய்க்குப் பழைய பருத்தி வேட்டி.

பெயிண்ட் அடித்தால் உரிந்து உரிந்து வருகிறதே?

பொம்மையைக் கழுவாமல் அடித்திருப்பீர்கள். அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை மேலே இருக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தில் பழைய டூத் பிரஷ் வைத்துத் தேய்த்துக் காயவைத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு பூச்சு அல்லது பிரைமர் கொடுத்த பிறகு அக்ரிலிக் அடியுங்கள். ஃபெவிக்ரில், கேமல் எதுவானாலும் சரி. கடைசியில் மேட் வார்னிஷ். ஈட்டி, வாள் போன்ற வளையும் இடங்களில் எப்படியும் கொஞ்சம் உரியும். அதனால்தான் ஈட்டியை ஈர்க்கில் செய்யச் சொன்னேன்.

என்ன நிறங்கள்?

கம்பெனியின் சென்னைப் படைச் சிப்பாய்க்குச் சிவப்பு மேல்கோட்டு, தொடையோடு நிற்கும் வெள்ளை அரைக்கால் சட்டை, தலைப்பாகை, காலில் செருப்பு. அவர்களில் பெரும்பாலோர் நம் ஊர் ஆட்கள்தான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முகத்துக்கு வெள்ளைக்காரத் தோல் நிறம் அடித்துவிடுவார்கள். பர்ன்ட் சியன்னாவில் (செம்பழுப்பு) யெல்லோ ஓக்கரைக் (மண் மஞ்சள்) கூட்டிக் குறைத்து நாலைந்து விதமாகக் கலந்து வையுங்கள். ஒரே தெருவில் நிற்கிறவர்கள்கூட ஒரே நிறத்தில் இருப்பதில்லையே. 1/72இல் கண் வரைய முயல வேண்டாம், எல்லாரும் திடுக்கிட்டவர்களாகத் தெரிவார்கள். மீசை மட்டும் போடுங்கள்.

பாளையக்காரர் படைக்குச் சீருடை கிடையாது. அழுக்கு வெள்ளை, காவி, மங்கிய பழுப்பு. கெட்டிச் சிவப்பும் பச்சையும் தலைவனுக்கு மட்டும்.

பீரங்கிப் புகைக்குக் கறுப்புப் பஞ்சா?

வெள்ளை. அந்தக் காலத்துக் கருமருந்து வெடித்தால் கெட்டியான வெண்புகை கிளம்பும். பஞ்சை மெலிதாகப் பிய்த்து, உள்பக்கம் மட்டும் லேசாகச் சாம்பலும் மஞ்சளும் தட்டுங்கள்.

எத்தனை வயதில் தொடங்கலாம்? எப்போது செய்வது நல்லது?

மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தை வீட்டில் இருந்தால் பொம்மைகள் உயரமான அலமாரியில் இருக்கட்டும், வாயில் போட்டுவிடும். ஐந்து வயதில் மணல் சலிக்கலாம், தரைக்கு நிறம் அடிக்கலாம். கட்டரும் ஃபெவிக்விக்கும் பன்னிரண்டுக்கு மேல், அதுவும் பக்கத்தில் ஆள் இருக்கும்போது.

காலம் என்றால் மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுக்குப் போகிற அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், பள்ளிக்கூடமும் லீவு, வெயிலும் கூழைக் காயவைக்கத் தோதாக இருக்கும். முடிச்சுப் போடவும் மரம் இழைக்கவும் தெரிந்த கைகள் சும்மா இருக்கிற நாட்கள் வேறு எப்போது கிடைக்கும்? ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கினால் கூழ் காய்வதற்குள் நாற்றம் எடுத்துவிடும்.

வீட்டில் போர்க் காட்சி வைத்தால் சண்டை வரும், ஆகாது என்கிறார் எங்கள் அப்பத்தா. என்ன சொல்வது?

மகாபாரதப் போர்ப் படத்தையே வீட்டில் மாட்ட விடாத தலைமுறை. அவரிடம் வாதாட வேண்டாம், வேலையைக் கொடுங்கள். எங்கள் அப்பத்தாவும் இதைத்தான் சொன்னார். "ஏத்தா, வெட்டுறது குத்துறதை எல்லாம் வீட்டுக்குள்ள வைக்காதீக" என்றவர், கோட்டை வாசலுக்கு முன்னால் தண்ணீர்ப் பந்தலுக்கு ஓலை வேய ஆள் இல்லை என்றதும் உட்கார்ந்துவிட்டார். பனங்குருத்தை நகத்தால் கிழித்து அவர் பின்னிய கூரை உள்ளங்கையில் பாதி அளவுகூட இல்லை, ஆனால் ஓலை மேல் ஓலை ஏறும் முறை தெருவிலிருக்கும் பந்தலில் உள்ளபடியே இருந்தது.

அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. வெட்டும் நொடியைக் காட்டியே தீர வேண்டும் என்று சட்டமில்லை. சண்டைக்கு முன்னால் வாசலில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன், சண்டை முடிந்து தண்ணீர் கேட்கிறவன், இவர்களும் போரில் இருந்தவர்கள்தான். எனக்கு அந்தக் காட்சிகள்தான் பிடிக்கும். முடித்த பலகையைக் கூடத்தில் வைக்க மனமில்லை என்றால் திண்ணையிலோ பள்ளிக்கூடத்திலோ வையுங்கள்.

ரத்தம் காட்டலாமா?

விழுந்து கிடப்பவர்களைக் காட்டுங்கள், சிவப்புப் பெயிண்டைக் கொட்ட வேண்டாம். யாருமே விழாத போர்க்களமும் பொய்தான்.

உறுதியாகத் தெரியாத விஷயங்களை எப்படிக் காட்டுவது? வேலு நாச்சியார் படையின் குயிலி கதை மாதிரி?

பலகையின் முன்னால் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள். அதில் ஆவணத்தில் இருப்பது எது, மக்கள் வழக்கில் வாழ்வது எது, நாம் ஊகித்தது எது என்று பிள்ளைகள் கையாலேயே எழுதட்டும். கிளார்க் இறந்தது முதல் வகை. குயிலி ஆயுதக் கிடங்கில் பாய்ந்தது இரண்டாவது. தண்ணீர்ப் பந்தல் எங்கள் ஊகம், மூன்றாவது. சீட்டு இருந்தால் எதையும் செய்யலாம், ராமர் படை சேது கட்டும் காட்சியைக்கூட.

இன்னொன்று. நம் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் சொந்தம் கொண்டாட ஆட்கள் உண்டு. நம்மவர் எதிராளி என்று பார்க்காமல் இரு பக்கத்து முகங்களுக்கும் ஒரே அக்கறையோடு நிறம் அடிக்கச் சொல்லுங்கள்.

தாத்தா காலத்து உலோகச் சிப்பாய்கள் இருக்கின்றன. பயன்படுத்தலாமா?

பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் இருக்கும். கண்ணாடிக்குள் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், உப்புத்தாளால் தேய்க்கவே தேய்க்காதீர்கள்.

செய்து முடித்ததை உப்புக்காற்றிலிருந்து எப்படிக் காப்பது?

கண்ணாடி அல்லது அக்ரிலிக் மூடி இல்லாமல் வைத்தால் ஒரு வருடம்தான். மூடிக்குள் ஒரு மூலையில், ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. ஜன்னலுக்கு எதிரே வேண்டாம், வெயில் சிவப்பு நிறத்தை முதலில் தின்னும். கூழில் வெந்தயம் சேர்த்திருந்தால் கரப்பானுக்கு அது விருந்து. பலகையின் நான்கு காலுக்கும் கீழே, அலமாரிக்கு வைப்பதுபோலத் தண்ணீர்க் கிண்ணம் வைக்காதீர்கள், அந்த ஈரமே கெடுக்கும். வெளியே தெரியும் கூழ் முழுக்க வார்னிஷ் படும்படி பார்த்துக்கொண்டால் போதும். பல்லி எச்சத்துக்கு மூடி ஒன்றுதான் மருந்து.

பள்ளிக் கண்காட்சிக்கு எப்படி எடுத்துப் போவது?

பனைமரங்களையும் பாய்மரங்களையும் ஒட்டாமல், பலகையில் துளை போட்டுச் செருகும்படி செய்யுங்கள். போகும்போது பிடுங்கித் தனிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். சிப்பாய்களின் காலடியில் குண்டூசி வைத்திருந்தால் அவர்களும் கழன்று வருவார்கள். யார் எங்கே நின்றார்கள் என்பதற்கு மேலிருந்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பலகையை மீன் பெட்டிக்குள் வைத்துப் பக்கங்களில் பழைய துணி திணித்தால் ஷேர் ஆட்டோவில்கூடக் கொண்டுபோகலாம். பெட்டியை மட்டும் முதல் நாளே கழுவிக் காயவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வகுப்பறையில் பூனை வந்து உட்காரும்.